பால் ஊற்றிப் பார்த்த வைன்

ஒன்றை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். எனக்கு எதையும் சட்டென்று நம்ப வராது. பலகாரம் கொடுத்தால் முகர்ந்து பார்ப்பேன். புதுச் சட்டை கொடுத்தால் உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்ப்பேன். பஸ்ஸில் பக்கத்து ஆள் என்னைப் பார்த்துச் சிரித்தால் என் பையைத் தொட்டுப் பார்ப்பேன். தொழிலால் வந்த பழக்கம் என்று நான் சொல்வேன். பிறவியிலேயே வந்தது என்பார் அம்மா. (தாய்ப்பாலையே ஒரு மாதிரி பார்த்துவிட்டுத்தான் குடித்தேனாம்.)

தொழில் என்னவென்றால், டிக்கோயாப் பக்கத்தில் ஒரு சின்னத் தேயிலைப் பெக்டரியில் உதவி டீமேக்கர். காலை முதல் மாலை வரை சந்தேகப்படுவதுதான் வேலை. கொழுந்து வாடியது போதுமா, டிரையரில் சூடு கூடிவிட்டதா, மூட்டைக்குள் காம்பு கலந்துவிட்டதா என்று ஒவ்வொன்றாய்ச் சந்தேகப்பட்டு, கடைசியில் ருசி பார்க்கும் அறையில் வரிசையாய் வெள்ளைக் கோப்பைகளை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். கரண்டியில் சாயத்தை எடுத்து, அடுத்த அறைக்கும் கேட்கும்படி 'சுர்ர்ர்' என்று உறிஞ்சி, நாக்கில் ஒரு சுற்றுச் சுற்றவிட்டுத் துப்பிவிடுவோம். அதன் பிறகு கோப்பையில் கொஞ்சம் பால் ஊற்றுவோம். நல்ல தேயிலை என்றால் பால் விட்டதும் பளிச்சென்று பொன்னிறம் காட்டும். கோளாறு இருந்தால் சாம்பல் பூத்த மாதிரி மங்கிப்போகும். பால் பொய் சொல்லாது என்பது எங்கள் தொழிலில் எல்லாரும் நம்புகிற விஷயம். நான் ஒருபடி மேலே போய், பால் எதிலுமே பொய் சொல்லாது என்று நம்பினேன். அதுதான் வினையாகப் போனது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஒரு நாள் பெக்டரி பார்க்க ஒரு வெள்ளைக்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். சுற்றிக் காட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை, ஆனாலும் எப்படியோ பேசிக்கொண்டோம். தாங்களும் தோட்டக்காரர்கள்தான் என்றார் அவர். பிரான்சில் ஒரு மூலையில் சின்னத் திராட்சைத் தோட்டமாம், குடும்பச் சொத்தாம், அதில் சிவப்பு வைன் செய்கிறார்களாம்.

"பழம் யாரு பறிக்கிறது?" என்று கேட்டேன்.

"நான், என் மனைவி, மகன், என் அப்பா" என்றார்.

"அப்புறம்?"

"அப்புறம் நாய்" என்று சொல்லிச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறந்ததிலிருந்து தோட்டத்தில் இருக்கிறேன். தோட்டம் என்றால் தொரை வேண்டும், கிளாக்கர் வேண்டும், கண்டாக்கு வேண்டும், கங்காணி வேண்டும், இத்தனை பேரும் சேர்ந்து விரட்டுவதற்குக் கொழுந்து பறிக்கிற என் அம்மா மாதிரி ஆட்கள் வேண்டும். முதலாளியே கூடை கட்டிக்கொண்டு மலை ஏறுகிற தோட்டத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை. அவருடைய நகங்களைப் பார்த்தேன். நகக்கண்ணில் கறுப்பாய் மண். நுவரெலியாவில் கரட் கழுவுகிற ஆளின் கை மாதிரி இருந்தது. இவராவது முதலாளியாவது என்று மனதுக்குள் அன்றைக்கே ஒரு கோடு போட்டுவிட்டேன்.

எங்கள் தேயிலை அவர்களுக்கு ரொம்பவும் பிடித்துவிட்டது. மறுநாள் திரும்பி வந்து, தங்கள் வைனில் ஒரு போத்தலை என் கையில் கொடுத்தார்கள். "நல்ல காரியத்துக்குத் திறங்கள். இரண்டு வருஷம் படுக்கப் போட்டு வைத்தால் இன்னும் நல்லது" என்றார் அவர். போத்தலைப் படுக்கப்போடச் சொல்கிற ஆளை எப்படி நம்புவது?

வீட்டுக்குக் கொண்டுபோனதும் அப்பா அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஸ்டிக்கர் இல்லியேப்பா. சாராயப் போத்தல்னா கவுமெண்டு ஸ்டிக்கர் ஒட்டியிருக்குமே."

"வெளிநாட்டுச் சாமான்ப்பா."

"மூடியும் இல்ல. தக்கைய வச்சு அடைச்சிருக்கு. நம்ம பக்கம் தக்க வச்சு அடைச்சு வந்தா அதுக்குப் பேரு கசிப்பு, கள்ளச் சாராயம்."

அம்மாவுக்கோ வேறு சந்தேகம். "வெள்ளக்காரன் சும்மா எதுக்குக் குடுக்கிறான்? நீ என்னா எழுதிக் குடுத்த?"

இப்படி மூன்று பேரும் மூன்று விதமாகச் சந்தேகப்பட்டு, போத்தலை அலுமாரியில் சேலைகளுக்கு நடுவே நிறுத்தி வைத்தோம். (படுக்கப் போடவில்லை. போட்டால் ஒழுகும் என்பது அப்பாவின் கட்சி.)

அந்த நேரம்தான் எனக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். அக்கரப்பத்தனைப் பெண், பெயர் கலைவாணி, பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற டீச்சர். ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தபோது நான் வழக்கம்போல முகர்ந்து பார்த்துவிட்டேன். அவள் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டைப் பார்த்த அந்த நிமிஷமே, கட்டினால் இவளைத்தான் என்று எனக்கு ஆகிவிட்டது. என் வாழ்க்கையில் சந்தேகமே இல்லாமல் நான் எடுத்த ஒரே முடிவு அது.

பெண்ணின் அப்பா ராமையாவுக்கு ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. மாப்பிள்ளை குடிக்கக் கூடாது. ஒரு சொட்டும் கூடாது. குடிக்கிறவன் என்று காதில் விழுந்தால் தாலி கட்டுகிற நேரத்திலும் பெண்ணை எழுப்பிக்கொண்டு போய்விடுவேன் என்று சொல்லிவிட்டார். எனக்கு அதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. நான் பீர் போத்தலைக்கூடத் தொட்டதில்லை. (யார் எதைக் கலந்திருப்பானோ!)

ஆனால் பரிசம் போடும்போது பெண்ணின் தாய்மாமனுக்குத் தட்டில் ஒரு போத்தல் வைக்க வேண்டும். அது அந்தக் குடும்பத்தில் மாற்ற முடியாத வழக்கம். ராமையாவும் அதற்கு ஒன்றும் சொல்ல முடியாது. மச்சானுக்கு வைத்தால் அது மரியாதை, மாப்பிள்ளை தொட்டால் அது குடி. அந்தத் தாய்மாமன் பெயர் செல்லமுத்து. தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், இப்போது வீட்டுப் பக்கத்தில் மரக்கறித் தோட்டம் போடுகிறார் என்று சொல்லியிருந்தார்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். உலகத்தையே துருவித் துருவிக் கேட்கிற நான், அந்த மனிதர் தோட்டத்தில் என்ன வேலை பார்த்தார் என்று மட்டும் கேட்காமல் விட்டுவிட்டேன்.

அம்மா வாய் சும்மா இருக்குமா? "உங்க மச்சானுக்குச் சாராயம் எல்லாம் இல்லீங்க. என் மவனுக்கு வெள்ளக்காரத் தொர குடுத்த வைனே வருது" என்று சம்பந்தி வீட்டுக்குச் சொல்லிவிட்டார். செல்லமுத்து அதை அக்கரப்பத்தனை முழுக்கச் சொல்லிவிட்டார். பரிசத்துக்கு இரண்டு நாள் முன்னால் எனக்கே போன் பண்ணினார்.

"மாப்ள, அந்தச் செவப்புப் போத்தலு வருதுல்ல?"

"வருதுங்க."

"மறந்துராதீங்க. இங்க நாலஞ்சு பேரு பாக்கணும்னு நிக்கிறாங்க."

போனை வைத்துவிட்டு அலுமாரியைத் திறந்து போத்தலைப் பார்த்தேன். ஸ்டிக்கர் இல்லாத போத்தல். நகத்தில் மண் உள்ள முதலாளி. ஆளே இல்லாத தோட்டம். இதைக் குடித்து அந்த மனிதருக்கு ஏதாவது ஆகிவிட்டால் பரிசம் என்னாவது, கலைவாணி என்னாவது?

பரிசத்துக்கு முந்தின நாள் போயா, பௌர்ணமி விடுமுறை. பெக்டரி ஓடவில்லை. போத்தலைப் பத்திரிகையில் சுற்றி எடுத்துக்கொண்டு ருசி பார்க்கும் அறைக்குப் போனேன். தக்கையை எடுக்க எங்களிடம் கருவி ஏது? வேர்க்‌ஷாப்பில் ஒரு நீளத் திருகாணியையும் குறடையும் எடுத்துவந்து, பல்லுப் பிடுங்குகிற மாதிரி இழுத்தேன். பாதித் தக்கை வெளியே வந்தது, மீதி தூளாய் உள்ளே விழுந்தது. வெள்ளைக் கோப்பையில் ஊற்றினேன். அடியில் கறுப்பாய்க் கசடு இறங்கியது. எங்கள் பெக்டரியில் இப்படிக் கசடு இறங்கினால் டீமேக்கர் வேலையை விட்டே போக வேண்டியதுதான்.

குடிக்கக் கூடாது என்பதால், தொழில்முறைப்படி ஒரு கரண்டி மட்டும் எடுத்து உறிஞ்சித் துப்பினேன். வாய் ஒரு பக்கமாய் இழுத்துக்கொண்டது. நாக்குக் கூசியது. சரி, கடைசிச் சோதனையும் செய்துவிடுவோம் என்று பாலை ஊற்றினேன்.

பால் திரிந்துவிட்டது! சாம்பலும் ஊதாவுமாய் ஒரு நிறம், அதில் கட்டி கட்டியாய் மிதந்தது பால். பார்க்கவே குமட்டியது. என் தொழில் வாழ்க்கையில் அப்படி ஒரு கோப்பையை நான் கண்டதில்லை. ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்று கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. முழுப் போத்தலையும் பெக்டரிக்குப் பின்னால் ஓடும் சாக்கடைக் கானில் ஊற்றி, மூன்று வாளி தண்ணீரும் விட்டுக் கழுவினேன்.

அதற்குப் பிறகுதான் நாளைக்கு என்ன கொடுப்பது என்ற நினைப்பு வந்தது. போயாவுக்கு நாடு முழுக்கச் சாராயக்கடைக்குப் பூட்டு. மறுநாள் விடியும்போதே வேன் கிளம்ப வேண்டும். சாராயம் கிடைத்தாலும் செல்லமுத்து கேட்டதோ சிவப்புப் போத்தல். யோசித்து யோசித்துப் பார்த்தேன். அந்த வயதில் எனக்கு இருந்த மூளைக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது.

எனக்குத் திறமாய்ச் செய்யத் தெரிந்த சிவப்புத் தண்ணீர் ஒன்றே ஒன்றுதான். முந்தின நாள் செய்த பி.ஓ.பி.எஃப் ரகத் தேயிலையில் இரண்டு மடங்கு போட்டுச் சாயம் இறக்கினேன். நிறம் போதவில்லை. குவாட்டர்ஸ் தோட்டத்தில் ஒரு பீட்ரூட் பிடுங்கித் துருவிப் பிழிந்து விட்டேன். ஆறவைத்து, வடிகட்டி, போத்தலில் நிரப்பி, தக்கையை அழுத்தி, மெழுகுதிரியை உருக்கி அதில் குங்குமம் கலந்து சீல் வைத்தேன். யார் எதில் என்ன கலக்கிறான் என்று ஊரையே சந்தேகப்பட்டவன், கலப்படத்தில் இவ்வளவு கைத்திறன் காட்டுவான் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் வேனில் ஏழு தட்டோடு போனோம். மலைப்பாதை வளைவுகளில் எனக்குத் தலை சுற்றும் என்பதால் வழி முழுக்க ஏலக்காய் மென்றுகொண்டு போனேன். (இந்த ஏலக்காயை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) கலைவாணி வீட்டு வாசலில் தகரப் பந்தல், பிளாஸ்டிக் கதிரைகள், ஐம்பது பேர். ஏழாவது தட்டில் வெற்றிலைக்கும் வாழைப்பழத்துக்கும் நடுவில் போத்தல் மாப்பிள்ளையைவிடக் கம்பீரமாய் நின்றது.

கம்பளித் தொப்பியும் கோட்டும் போட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார் செல்லமுத்து. தட்டு மாற்றி முடிந்ததும் போத்தல் அவர் மடிக்குப் போனது. வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடிப்பார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் அங்கேயே டம்ளர் கேட்டார். மெழுகைச் சுரண்டினார்.

"என்னா மாப்ள, குங்கும வாசம் அடிக்கிது?"

"அந்த நாட்டுல அப்பிடித்தாங்க" என்றேன்.

டம்ளரில் ஊற்றி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ஒரு வாய் எடுத்தார்.

'சுர்ர்ர்.'

சாராயம் குடிக்கிற எவரும் அப்படி உறிஞ்ச மாட்டார்கள். பெக்டரிக்குள் வருஷக்கணக்காய் நின்றவர்கள் மட்டும்தான் அப்படி உறிஞ்சுவார்கள். அவர் வாயில் ஒரு சுற்றுச் சுற்றவிட்டு, எழுந்துபோய்ப் பந்தலுக்கு வெளியே துப்பிவிட்டு வந்தார்.

"இது பி.ஓ.பி.எஃப்" என்றார்.

கூட்டம் முழுக்க அவர் பக்கம் திரும்பியது.

"டிக்கோயாப் பக்கத்துக் கொழுந்து. பீட்ரூட்டும் கெடக்கு. முத்துன பீட்ரூட்டு." இன்னொரு தடவை நாக்கைச் சப்பினார். "தேயில பரவால்ல. ஆனா டிரையர்ல சூடு கூடிப் போச்சு. லேசாக் கருகியிருக்கு."

"இல்லீங்க, சூடெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு! நான்தான் பக்கத்துலயே நின்னேன்" என்று சொல்லிவிட்டேன். சத்தியமாய் வாயை மூடிக்கொண்டிருக்கத்தான் நினைத்தேன். என் தேயிலையைக் கருகியது என்று சொன்னதும் தாங்க முடியவில்லை.

பிறகுதான் தெரிந்தது, செல்லமுத்து ஓய்வு பெறும் வரைக்கும் நின்றது பெக்டரி டிரையரில். அவர் வாழ்க்கையில் கரைத்துக் குடித்தது இரண்டே விஷயம், தேயிலையும் மரக்கறியும். உலகத்தில் எத்தனையோ பொருள் இருக்க, அந்த இரண்டையும் கலந்து கொண்டுபோய் அவர் கையிலேயே கொடுத்திருக்கிறேன்.

ராமையா எழுந்து வந்தார். "வைன் எங்க மாப்ள?"

"இல்லீங்க மாமா..."

"போத்தல் இருக்கு, வைன் இல்ல. அப்ப யாரு குடிச்சது?"

ஐம்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். அம்மாகூட என்னைப் பார்த்தார். ராமையா கிட்டே வந்து மூக்கை நீட்டினார். "ஊதுங்க."

பட்டு வேட்டி, மாலை, நெற்றியில் சந்தனம், இத்தனையோடும் பரிசப் பந்தலில் நின்று மாமனார் மூக்கில் ஊதிய ஒரே மாப்பிள்ளை இந்த மலைநாட்டில் நானாகத்தான் இருப்பேன்.

"ஏலக்கா!" என்று அவர் கத்தினார். "வாசம் தெரியாம இருக்க ஏலக்கா மென்டுருக்கான்! தட்டத் திருப்பிக் குடுங்க!"

யாரோ ஒரு பெரியம்மா உண்மையாகவே வாழைப்பழத் தட்டைத் தூக்கிவிட்டார். உள்வாசலில் கலைவாணி நிற்பது தெரிந்தது. அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது. அவளை இழந்துவிடுவேன் என்ற பயத்தில் எனக்கு மானம் ரோஷம் எல்லாம் போய்விட்டது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வெள்ளைக்காரர், நகத்து மண், திருகாணி, கசடு, கோப்பை, கரண்டி.

"கடைசியாப் பால் ஊத்திப் பாத்தேன் மாமா. திரிஞ்சிருச்சு. வெசம்னு நெனச்சு எல்லாத்தையும் கான்ல ஊத்திட்டேன்."

ராமையா என்னை மேலும் கீழும் பார்த்தார். "எதுல பால் ஊத்துனீங்க?"

"வைன்ல."

அப்போது உள்வாசலில் இருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. கலைவாணிதான். அன்றைக்கு முதல் தடவை தேத்தண்ணி வைத்தபோது அடக்கி வைத்திருந்ததையும் சேர்த்துச் சிரித்தாள். பரிசத்தன்று பெண் வாயைத் திறக்கக் கூடாது என்பார்கள். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"அப்பா, புளிப்பு உள்ளது எதுல ஊத்துனாலும் பால் திரியும்ப்பா. தேசிக்காத் தண்ணில ஊத்திப் பாருங்க. அந்த வைன்ல ஒரு குத்தமும் இருந்திருக்காது." அப்புறம் கொஞ்சம் மெதுவாக, "குடிக்கிற பழக்கம் இருக்கவங்க யாராச்சும் வைன்ல போயி பால் ஊத்துவாங்களா?" என்றாள்.

ராமையா யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகம் மலர்ந்ததை இப்போதும் மறக்க முடியாது. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "கேட்டீங்களா? வெளிநாட்டுச் சரக்கு. அதக் கான்ல ஊத்திட்டு வந்திருக்கார். இந்தக் காலத்துல இப்பிடி ஒரு மாப்புள எங்க கெடைக்கும்?" என்றார். பெரியம்மா தட்டைப் பழைய இடத்தில் வைத்தார். என் முட்டாள்தனத்தைத் தவிர வேறு எதுவும் அன்றைக்கு என்னைக் காப்பாற்றியிருக்காது.

சந்தோஷப்படாத ஆள் ஒருவர்தான். செல்லமுத்து டம்ளரையும் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். "அப்ப நல்ல சரக்கையா கான்ல ஊத்துனீங்க?" என்று மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவை குரல் உடைந்துவிட்டது.

கலியாணத்தன்று ஸ்டிக்கர் ஒட்டிய சாராயப் போத்தல் ஒன்றை அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டு மேடைக்குக் கீழே பார்த்து, "யாருப்பா, மாப்ளைக்குக் கொஞ்சம் பால் கொண்டாங்க, பாத்துட்டுச் சொல்லட்டும்!" என்றார். அன்றைக்குப் பிடித்தது இன்னும் விடவில்லை. மாமனார் வீட்டில் எனக்குச் சோடா கொடுத்தாலும் பக்கத்தில் ஒரு பால் குவளை வந்துவிடும். ரசத்துக்கும் வரும். இப்போது என் மகளுக்கு ஐந்து வயது. அவளுக்கு மருந்துத் தண்ணி கொடுத்தால், "அப்பா, பால் ஊத்திப் பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்கிறாள்.

போன வருஷம் அந்த வெள்ளைக்காரரும் மனைவியும் மறுபடி பெக்டரிக்கு வந்தார்கள். நகத்தில் அதே மண். என்னை அடையாளம் தெரிந்து, வைன் எப்படி இருந்தது என்று கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை, உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவர் சிரித்துச் சிரித்துத் தேயிலை மூட்டையில் சாய்ந்துவிட்டார். போகும்போது இன்னொரு போத்தல் கொடுத்தார். இந்தத் தடவை என்னைத் தொட விடாமல் கலைவாணியே அதைப் படுக்கப் போட்டு வைத்து, செல்லமுத்து மாமாவுக்குச் சொல்லி அனுப்பினாள்.

மாமா அதே கம்பளித் தொப்பியோடு வந்தார். இத்தனை வருஷம் காத்திருந்த மனிதர். நாங்கள் எல்லாரும் சுற்றி நின்றோம். டம்ளரில் ஊற்றி, சாய்த்துப் பார்த்து, 'சுர்ர்ர்' என்று உறிஞ்சினார். கண்ணை மூடினார். வாய் ஒரு பக்கமாய் இழுத்துக்கொண்டது. எழுந்துபோய் முற்றத்தில் துப்பிவிட்டு வந்து, டம்ளரை என் பக்கம் தள்ளி வைத்தார்.

"மாப்ள," என்றார், "அன்னிக்கு நீங்க குடுத்ததே தேவலீங்க."